இருவாச்சியின் பேருக்கு ஒரு காவல்

கறுக்... கறுக்... இருட்டிய பிறகு அத்திமரத்தில் ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது. பொந்துக்குள் முட்டையை அணைத்திருந்த இருவாச்சிப் பறவைக்குத் திக்கென்றது. ஆனால் வாசலில் ஒட்டியிருந்த பல்லி சும்மாதான் இருந்தது. பல்லி சும்மா இருந்தால் பயமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அது அவளே செய்த ஏற்பாடு. போன பழக்காலத்தில், இருவாச்சி காட்டும் பழம்தான் பழம் என்று காடே பேசியது. இந்த வருடம் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்களோ என்று ஒரே தவிப்பு. மைனாக்கள் தினமும் மரம் மரமாக வந்து காட்டுச் சேதிகளை ஒப்பிக்கும். அதில் தன் பேர் வந்தால் உடனே ச்சு கொட்ட வேண்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று பல்லியிடம் சொல்லி வைத்தாள்.

முட்டையிடும் காலத்தில் இருவாச்சிகள் பொந்தின் வாசலை உள்ளிருந்தே சேற்றால் பூசிக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். இவளும் பூச உட்கார்ந்தாள். ச்சு! யாரோ புகழ்ந்தார்களாம். ச்சு! யாரோ மூக்கைக் கேலி செய்தார்களாம். ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாள். சேறு காய்ந்துபோனது.

"முதல்ல கதவைப் பூசும்மா" என்று கெஞ்சிய கணவன், புதுச் சேறு வைத்துவிட்டுத் தான் இரவு தங்கும் மரத்துக்குப் பறந்தான்.

பாதிக் கதவோடு இருட்டில் இருந்தவளுக்குத் தான் பிறந்த பொந்து நினைவுக்கு வந்தது. கீறல் வழியே துளி வெளிச்சம். அம்மாவின் இறகுச் சூடு. பழ வாசனை. வெளியிலிருந்து வந்த சேதி அப்பாவின் சிறகுச் சத்தம் ஒன்றுதான். அதுவே போதுமாக இருந்தது.

கறுக்... இன்னும் கிட்டே.

"பல்லி, இன்னிக்குச் சேதி ஒண்ணுமில்லையா?"

"உங்க பேர் வரலைக்கா."

"வேற?"

"அத்திமரத்துப் பொந்துக்கு இன்னும் கதவு ஆகலையாமேன்னு மரநாய் விசாரிச்சுதாம். அதுல உங்க பேர் இல்லையே, அதான் சொல்லலை."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு நகக்கால் உள்ளே நீண்டது. இருவாச்சி பலங்கொண்ட மட்டும் கொத்தினாள். கால் வெளியே போனதும் சேற்றை அள்ளி அள்ளி அப்பினாள்.

ச்சு!

"அக்கா, மரநாய் உங்க பேரைச் சொல்லியே திட்டுது!"

அவள் எட்டிப் பார்க்கவில்லை. அலகு நுழையும் கீறலை மட்டும் விட்டு, மிச்ச இடைவெளி முழுவதையும் உள்ளிருந்து பூசி அடைத்தாள்.

தன் பேருக்கு மட்டும் காது கொடுப்பவர், பேர் சொல்லாமல் வரும் ஆபத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்.