தூளியில் ஒரு பரங்கிக்காய்

பொன்மலையில், ஓடாமல் நின்றுபோன ஒரு மாவு மில்லில் பிலோமினா நாடகம் நடத்திவந்தாள். மேடை கிடையாது, திரை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் பாயில்தான் உட்காரவேண்டும். வெளியே விட்டால் காணாமல் போகும் என்பதால் செருப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள்.

அவளிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் மாசிலாமணி. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிலோமினா வயதில் அவருக்கு மகள் இருந்தாள். ஆனாலும் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று சாயங்காலம் அவர் இயக்கிய முதல் நாடகம். காய்ச்சல் கண்ட குழந்தையின் தூளிக்குப் பக்கத்தில் ஒரு தாய் விழித்திருக்கிறாள். காய்ச்சல் இறங்கவேண்டும். அவ்வளவுதான் கதை. பேச்சே இல்லை.

“பழைய சிநேகிதக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன், வாத்தியாரம்மா. இது தேறலேன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

பிலோமினா தூளியை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பொம்மை. கீழே, குழந்தை அழும் சத்தத்துக்கு ஒரு ஸ்பீக்கர். வயரைப் பிடுங்கினாள். பொம்மையை எடுத்து அவர் பைக்குள் போட்டாள்.

“அப்ப உள்ளே குழந்தை இருக்குன்னு எப்படி நம்புவாங்க?”

அவள் உள்ளே போய், மறுநாள் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த பரங்கிக்காயைத் தூக்கிவந்து, தாயாக நடிக்கும் மரகதத்தின் கையில் கொடுத்தாள்.

“எல்லாரும் உக்காந்தப்புறம், அவங்க பாக்கப் பாக்க இதைத் தூளியில போடு.”

“பாக்கப் பாக்கவா?” என்றார் மாசிலாமணி.

அப்படியே நடந்தது. மரகதம் பரங்கிக்காயைத் தூளியில் கிடத்தினாள். முன்வரிசையிலிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

“என்னய்யா மாசி, நாடகம் போடறியா, சாம்பார் வைக்கிறியா?”

மில்லே சிரித்தது. சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் நின்ற மாசிலாமணி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

மரகதம் சிரிக்கவில்லை. தூளிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். துணியை நனைத்துப் பிழிந்து போட்டாள். ஆட்டினாள். மறுபடி தொட்டாள். மறுபடி நனைத்தாள்.

சிரிப்பு ஒவ்வொரு இடமாக அடங்கியது. யாரோ இருமினார். அடுத்த இருமலைத் துண்டுக்குள் அமுக்கிக்கொண்டார். ஒரு போன் அடித்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பி முறைத்த முறைப்பில் அது நின்றது.

கடைசியில் மரகதம் புறங்கையை உள்ளே வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். மெல்ல அவள் தோள்கள் இறங்கின. தூளிச் சேலையின் விளிம்பை இழுத்து மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

மாசிலாமணி விளக்கைத் தணித்தார்.

கைதட்டல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் வெளியே போனார்கள். கோதண்டம் மட்டும் தூளியருகே நின்று, கொசுவோ என்னவோ, கையால் விசிறிவிட்டுக் குனிந்தபடி போனார்.

மாசிலாமணி தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒருத்தர்கூடக் கை தட்டலையே. திருடனாட்டம் நழுவிட்டுப் போறாங்களே.”

பிலோமினா அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள்.

தெருக்கோடியில், பெட்டிக்கடை வெளிச்சத்தில், அத்தனை பேரும் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் கோதண்டம்தான் கை தட்டினார். பிறகு எல்லோரும். கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். எதிர் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. தட்டல் ஓயவில்லை. “மாசி, ஜெயிச்சுட்டடா!” என்று கோதண்டம் கத்தியது பொன்மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மாசிலாமணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. அவரும் கத்தினார். “அது பரங்கிக்காய்னு எல்லாரும் பாத்தாங்களே, வாத்தியாரம்மா! இங்கேயே தட்டாம ஏன் அவ்வளவு தூரம் போனாங்க?”

பிலோமினா மில்லுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்க சார். இப்பத்தான் தூங்குது.”