மணலில் வெள்ளோட்டம்

பழைய ஃபைபர் படகுக்குப் புதிதாக நீலச் சாயம் பூசிக் கரையில் விற்பனைக்கு வைத்திருந்தார் தொம்மை முதலாளி.

"வெலை பேசி முடிச்சாத்தான் கடல்ல எறக்குவேன்" என்றார்.

வாங்க வந்தவள் ரொசாலி. அதில்தான் அவள் புருஷன் ஆழ்கடலுக்குப் போக வேண்டும். அவள் கடல்நீரைக் குடம் குடமாக மொண்டு படகுக்குள் ஊற்றினாள்.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கழுவுறியளா?"

"வெள்ளோட்டம் பாக்கேன், மொதலாளி."

"கரையிலயா?"

சற்று நேரத்தில் நீலச் சாயத்தின்மேல் கோடுகோடாக நீர் இறங்கி, அடியில் மணல் நனைந்தது. முதலாளி இன்னும் குழம்பினார்.

"தண்ணி வெளியதான போவுது? உள்ள வரலயே!"

"அப்பம் சரி. எம் புருசனுக்கு முன்னால நீங்க ஒரு நடை போயிட்டு வாங்க. வந்ததும் வாங்கிக்கிடுதேன்."

முதலாளி கடலைப் பார்த்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாதே, தாயி."