பெரிய ஓட்டுக்கு எந்த அறை?

"பெரிசை மட்டும் சாயங்காலம் லாரியில ஏத்திடுவோம். இவங்களுக்குப் பிரிச்சு வைக்கத் தெரியாது."

டீக்கடையில் நிலவியல் அதிகாரி அம்மா ஓட்டுநரிடம் சொன்னது, பின்பெஞ்சில் இருந்த கலியமூர்த்தியின் காதில் விழுந்தது. பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வண்டிச்சக்கரம் அளவுக்குச் சுருண்ட அந்த அம்மோனைட் ஓடு, எப்போதோ அழிந்துபோன கடற்பிராணியின் கல்லாகிப்போன ஓடு, அவர் வயலில் கிடைத்தது. ஒரு காலத்தில் கடலாய்க் கிடந்த நத்தைமேட்டுக்கு அதைவிட்டால் வேறு பெருமை இல்லை. சரியாகப் பிரித்துக் காட்டினால் அது ஊரிலேயே தங்கும் என்று கணக்குப் போட்டார்.

காலையிலேயே அம்மா கட்டளை போட்டிருந்தார். ஊரில் கிடைத்த ஓடுகளைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் பிரித்து வைக்க வேண்டும். மேடுமேடாக வரி உள்ளவை ஒரு அறை. வழவழப்பானவை பக்கத்து அறை. நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். ஒன்றுகூடக் கலக்கக் கூடாது.

கலியமூர்த்தி கூடையோடு பக்கத்து அறைக்குள் நுழையப் போனார். கூட ஓடு அடுக்க வந்த பச்சமுத்து மறித்தான்.

"அண்ணே, நில்லுங்க. உங்க நெத்தியில வரி இருக்கு."

"தலை வழுக்கைதானேடா?"

"அப்ப தலையை மட்டும் உள்ள நீட்டுங்க."

நியாயமாகத்தான் பட்டது. மதியம் முழுக்க அவர் வரி அறையில் நின்றபடி, இரண்டு அறைக்கும் பொதுவான நடுவாசல் வழியே தலையை மட்டும் நீட்டி வேலை வாங்கினார்.

சின்ன ஓடுகள் முடிந்தன. பெரியது மிஞ்சியது. அதன் வெளிச்சுற்று வழவழப்பு, உள்சுற்றுகளில் வரி.

"ரெண்டா உடைச்சிடலாம்" என்றாள் அவர்களோடு அடுக்கிக்கொண்டிருந்த தையல்நாயகி.

"உடைச்சா அப்புறம் பெரிசு எங்க இருக்கும், தங்கச்சி?" என்றார் கலியமூர்த்தி.

"அப்ப உள்ள சிமெண்ட் பூசி வழிச்சிடுவோம்."

"அரசாங்கத்தை ஏமாத்தச் சொல்றியா?"

கடைசியில் பச்சமுத்துதான் சொன்னான். "அண்ணனை வெச்ச இடத்துலயே இதையும் வெச்சிடுவோம்."

நாலு மணிக்கு அம்மா வந்தபோது நடுவாசலை ஓடு அடைத்திருந்தது. அதற்கு மேலே கலியமூர்த்தியின் தலை.

"இதை யாரு நடுவுல வெச்சது?"

கலியமூர்த்தி தலையை வரி அறைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ரொம்பச் சரி" என்றார் அம்மா. "இந்த இனம் இளசா இருக்கும்போது வரியோட இருக்கும். வளர வளர வெளிச்சுற்று வழவழன்னு ஆயிடும். புரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க. இது இங்கேயே இருக்கட்டும்."

லாரி வெறுமையாகத் திரும்பியது. பச்சமுத்து விசிலடித்தான். கலியமூர்த்தி மட்டும் வரி அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் குஞ்சுங்களா?"

"அம்மாவே சொல்லிட்டாங்களே அண்ணே."

"அடப்பாவிங்களா, இப்படி நெருக்கியா அடுக்குவீங்க!"

உள்ளங்கையளவு ஓடுகளை இரண்டிரண்டு முழம் தள்ளித் தள்ளி வைத்தார். குடத்தில் உப்பைக் கரைத்து ஒவ்வொன்றின் மேலும் தெளித்தார். பிறகு கடப்பாரையை எடுத்து, அவை வளர்ந்தபின் வெளியே வருவதற்காக வாசலை அகலமாக்கத் தொடங்கினார்.