பெயர் நீக்கம்

"டீச்சர், மெட்ரிகுலேஷன்னா என்ன அர்த்தம்?"

கேட்டவர் பெஞ்சமின். கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் எழுத்தர். ஓய்வுபெறும் வயதில், வாசல் வளைவில் உள்ள இலத்தீன் வாசகம் புரியவில்லையே என்ற கோபத்தில், மாலை நேரங்களில் எஸ்தர் டீச்சரிடம் இலத்தீன் படிக்க வந்தவர். டீச்சர் அவரைவிட வெகு இளையவர்.

"எதுக்குக் கேக்கீங்க, அண்ணாச்சி?"

"எங்க செக்‌ஷன் வாசல்ல மெட்ரிகுலேஷன்னு எழுதுன பழைய பலகை தொங்குது. இவ்வளவு வருஷமா அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்."

"காலேஜ்ல பேரு பதியறது."

"அது தெரியும். அதுக்கு முன்னாடி, இலத்தீன்ல?"

"பெயர்ப்பட்டியல்."

"அதுக்கும் முன்னாடி?"

"கருப்பை," என்றார் டீச்சர். "அதுக்கும் முன்னாடி, அம்மா."

பெஞ்சமினுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும்.

"கருப்பை எப்படி டீச்சர் பட்டியலாச்சு?"

டீச்சர் பெஞ்சமினின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க கேக்க வந்தது இது இல்லையே."

பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டார்.

முந்தின நாள் கல்லூரி விடுதியில் செல்வக்கனி என்ற முதலாண்டு மாணவி இறந்துபோனாள். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். யாரும் கூட்டிப்போகவில்லை.

"பிரின்சிபால் கூப்பிட்டாரு. போன மாசத் தேதி போட்டு அவ பேரை எடுத்துரச் சொல்லுதாரு. தொடர்ந்து வகுப்புக்கு வரலன்னு. நம்ம மாணவியே இல்லன்னு பேப்பர்க்காரங்ககிட்ட சொல்லணுமாம்."

"எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. எடுக்கலன்னா என் வேலை போயிரும். பென்ஷனும் நிக்கும். நான் என்ன செய்யட்டும்?"

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாங்க. அந்தப் புள்ள வீட்டுல துட்டி கேட்டுட்டு வருவோம்."

"அந்த வீட்டுக்கா? என்ன முகத்தோட வருவேன்?"

"இருக்கிற முகத்தோட வாங்க."

உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. அடக்கம் முடிந்திருந்தது. தாய் பூரணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பெண்களுக்கு நடுவே போய் அமர்ந்தார். பெஞ்சமின் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பூரணம் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதான சார் அன்னைக்குப் பேரு எழுதுனது? நான் கொண்டாந்து விட்டப்ப, இனி நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க போங்கம்மான்னு சொன்னீங்க."

அதை அவர் எல்லாத் தாய்மாரிடமும் சொல்வார். கூட்டம் சீக்கிரம் கலையட்டும் என்றுதான் சொல்வார். இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு கிழவி பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு எத்தன புள்ளைக?"

"மூணு."

"அப்ப இன்னும் ரெண்டு இருக்குல்லா. அதுகளப் பாத்து மனசத் தேத்திக்க, தாயி. ரெண்டு புள்ளைக்காரின்னு நெனச்சுக்க."

பூரணம் கையை உருவிக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை.

"மூணுதான். யாரு கேட்டாலும் மூணுதான்."

டீச்சர் திரும்பிப் பெஞ்சமினைப் பார்த்தார்.

பெஞ்சமினின் சட்டைப் பையில் போன் அடித்தது. பிரின்சிபால்.

"என்ன பெஞ்சமின், பேரை எடுத்தாச்சா?"

பெஞ்சமின் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"பேரு இருக்கு சார். புள்ளதான் இல்ல."