ஒன்பதாவது கேள்விக்கு ஐந்து

நியாயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். கதையில் நானும் ஒருத்தி. அதனால் என் முகத்தைப் பார்க்காமல், நடந்ததை மட்டும் வைத்துச் சொல்லுங்கள்.

ஊர் பேர் வேண்டாம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களின் வீட்டாரிடம், கவனிப்பில் திருப்தியா என்று இருபது கேள்வி கேட்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் படிவம் உண்டு. எந்த மொழியில் கேட்டால் என்ன? ஆளை உள்ளே படுக்கவைத்துவிட்டு எவர் குறை சொல்வார்? கும்பிட்டுக்கொண்டே ஐந்து போடுவார்கள்.

மதனப்பள்ளிப் பக்கமிருந்து வந்தவள் நாகரத்னம்மா. தெலுங்கு மட்டும்தான் தெரியும். புருஷன் சென்னகேசவுலு பன்னிரண்டு நாளாக உள்ளே. டாக்டர் எழிலரசிக்குத் தெலுங்கு வராது. தமிழ் தெரிந்த கொழுந்தன் முனிரத்னத்திடம்தான் எல்லாம் சொல்வார். "இனி நம்பிக்கை இல்லை, ரெண்டு மூணு நாள்தான்" என்று அவர் சொன்னதும், "அண்ணிகிட்ட சொல்லிடாதீங்கம்மா, தாங்கமாட்டாங்க" என்று அவன் கெஞ்சினான். அவர்கள் வீட்டில் கெட்ட செய்தி பெண்கள் காதுக்குக் கடைசியில்தான் போகும். டாக்டரும் சரியென்று கோப்பில் எழுதிவைத்தார்: மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

அதைப் படித்துவிட்டுத்தான் நான் அவளிடம் போனேன். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான், அதனால் சகஜமாகப் பேசினாள். ஒன்பதாவது கேள்வி வந்தது: நோயாளியின் நிலையைப் பற்றி உங்களிடம் உண்மையைச் சொன்னார்களா?

"சொல்லாமலா? நாளன்னிக்கு வார்டுக்கு மாத்தறாங்களாம், கொழுந்தன் சொன்னான். அஞ்சு போடு தாயி" என்று சிரித்தாள்.

உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் வேலை போய்விடும். பயந்து செத்தேன், ஐந்து போட்டேன்.

அன்று மாலை பார்வை நேரம். ஒரே பாஸ், ஒரே ஆள், ஐந்து நிமிடம். சென்னகேசவுலுவுக்கு நினைவு இருந்தது. முனிரத்னம் மருந்து வாங்கப் போயிருந்தான். ஊரிலிருந்து வந்த பங்காளியிடம் அவள் தன் பாஸை நீட்டினாள். "நீ போய்ப் பாருய்யா. வார்டுக்கு வந்தா நான் கூடவேதானே இருக்கப்போறேன்." நான் நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். மறுநாள் காலைப் பார்வை நேரத்துக்கு முன்பே சென்னகேசவுலுவின் உயிர் போய்விட்டது.

டாக்டர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி நடந்தார். முனிரத்னம் பாசத்தில் மறைத்தான். நான் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். சொல்லுங்கள், அந்த ஐந்து நிமிடத்தை அவளிடமிருந்து பறித்தது எங்களில் யார்?

முனிரத்னம் என்றுதான் பலரும் சொல்வீர்கள். அவன் மறைத்தது செய்தியை. பாஸ் கை மாறியது அவனுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அவள் மொழியும் தெரிந்து, உண்மையும் தெரிந்து, பக்கத்திலேயே நின்றவள் நான். "இன்னைக்கு நீங்களே போங்கம்மா" என்று சொல்லியிருந்தால் போதும். யார் ரகசியமும் உடைந்திருக்காது, என் வேலையும் போயிருக்காது. பாவி, அது எனக்குத் தோன்றவே இல்லை. காரியம் முடிந்த பிறகு, படிவத்தில் இருந்த நம்பருக்கு நாகரத்னம்மா போன் செய்தாள். "அத்தனை பேர்ல என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கேட்டது நீ ஒருத்திதான் தாயி. நல்லா இரு" என்றாள்.