வாபனுக்கு ஒரு வாய் சர்க்கரை

நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், சரியா? கொட்டலைன்னா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிடும்.

ரொம்ப வடக்க, கடல் மாதிரி ஒரு ஏரி. அந்த ஏரிக்கரையில ஒரு ஊரு. எங்க பார்த்தாலும் பனி. அங்க இருந்தவங்க அனிஷினாபேன்னு அந்த மண்ணோட பழங்குடி ஜனங்க. அதுல ஒரு அம்மா, பேரு வாபன். அவ மக பினேஷி, உன் வயசுதான். அந்தக் குளிர்காலத்துல பினேஷியோட அப்பா இறந்து போயிட்டாரு, பாவம். அப்பலேர்ந்து வாபன் ஒரு சொட்டு அழலை, ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடலை. அம்மாவும் நம்மள விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பினேஷிக்கு ஒரே பயம். ம்?

அப்புறம் பனி உருகுற காலம் வந்துச்சு. அப்பதான் மேப்பிள் மரத்துல தண்ணி ஊறும். நம்ம பனையில பதநீர் இறக்குறோம்ல, அந்த மாதிரி. ஆனா சும்மா போய் மரத்தைக் கீறிட மாட்டாங்க. மரமும் அவங்களுக்குச் சொந்தக்காரங்கதான். அதனால மரத்தடியில ஒரு சிட்டிகை புகையிலையைக் காணிக்கையா வச்சு, "உன் தண்ணியில கொஞ்சம் எங்களுக்குத் தருவியா?"ன்னு கேட்டுட்டுத்தான் கை வைப்பாங்க. வாபனும் கேட்டா. டொப்... டொப்...னு மரப்பட்டைத் தொன்னையில சொட்டுச்சு. அப்புறம் அதைக் கொப்பரையில ஊத்திக் கொதகொதன்னு காய்ச்சினா. பதம் பார்க்கப் பனி மேல ஒரு சொட்டு விட்டா. நாக்குல மட்டும் வைக்கலை.

ஏன்னா அங்க ஒரு வழக்கம். வீட்டுல சாவு விழுந்தா, அந்த வருஷம் புதுசா விளைஞ்சு வர்றதை அந்த வீட்டுக்காரங்க தங்க கையால எடுத்துச் சாப்பிடக் கூடாது. வேற வீட்டு ஆள் ஒருத்தர் வந்து ஊட்டணும். துக்கத்துல இருக்கிறவங்களைத் தனியா விடலாமா? அதுக்குத்தான். அட, நடுவுல கேள்வி கேட்காத, சொல்றேன்ல!

சர்க்கரை ஆச்சு, வாசம் ஆளைத் தூக்குச்சு, ஊட்டத்தான் ஒருத்தரும் வரலை. "எனக்கு ஒண்ணும் வேணாம்"னு வாபன் சுருண்டு படுத்துட்டா. அப்போ பினேஷி பனியில சரக் சரக்னு ஓடினா.

முதல்ல மாமாகிட்ட போனா. "கொப்பரை பொங்குது, அப்புறம் வரேன்"னுட்டாரு. அப்புறம் பக்கத்துக் குடிசை அக்காகிட்ட போனா. "உங்கம்மா முகத்தைப் பார்த்தா நான் அழுதுருவேன்டி"ன்னு அவ உள்ள போயிட்டா. மிச்சம் இருந்தது எதிர்க் குடிசை நூதின்தான். அவளுக்கும் வாபனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, போன வருஷம் விறகுக்காக அப்படி ஒரு சண்டை. பினேஷி பயந்து பயந்து வாசல்ல நின்னா.

"என்னடி?"

"அம்மாவுக்கு இன்னும் யாரும் ஊட்டலை."

நூதின் சட்டுனு எழுந்தா. மரக்கரண்டியை எடுத்துக்கிட்டு விடுவிடுன்னு நடந்தா.

"நீ எதுக்கு வந்த?"ன்னா வாபன்.

"ஆ காட்டு."

வாபன் வாயை இறுக்கி மூடிக்கிட்டா. மறுபடியும் கரண்டி வந்துச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டா. அப்போ நூதின் என்ன பண்ணினா தெரியுமா? அவ தலையை இழுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, "சண்டையை அடுத்த குளிர்காலத்துல வச்சுக்கலாம், இப்போ ஆ காட்டுடி"ன்னா.

வாய் திறந்துச்சு. சர்க்கரை கரைஞ்சுச்சு. அப்போ வந்துச்சு பாரு, இத்தனை நாள் வராத அழுகை, ஓஓன்னு! நூதினும் கூட உக்காந்து அழுதா. அழுதுக்கிட்டே பினேஷிக்கும் ஒரு வாய் ஊட்டினா. அப்புறம் வாபன் மூக்கைச் சிந்திக்கிட்டு எழுந்து உக்காந்து சொன்னா:

"இன்னொரு வாய் குடு."

அவ்ளோதான். அவங்க சாப்பிடட்டும், நாம எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணை மூடு.