முதல் வரியில் கற்பூரம்

தூத்துக்குடி போகும் சாலையில் ஓர் ஆசிரமம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்தொன்று. இதில் யாருக்கும் வருத்தமில்லை. குற்றாலிங்கத்துக்கு மட்டும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அவர் முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவர். தாம் எழுதிய தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று நாள் தவறாமல் சொல்லுவார். நல்ல மனிதர்தான். மூக்குக்கு மேல் கோபம் வரும், அவ்வளவுதான்.

மொரிசியஸில் ஆசிரமத்தின் கிளை ஒன்று புதிதாகக் கோயில் கட்டியிருந்தது. கும்பாபிஷேகத்துக்கான சாமான்கள் கப்பலில் போக வேண்டும். அவை இந்தக் கப்பலில் ஏறிவிட்டால், பின்னாலேயே குற்றாலிங்கமும் போய் அந்தக் கிளைக்குத் தலைவராக இருக்கலாம் என்று குரு சொல்லியிருந்தார். அறுபத்தொரு வயதில் முதல்முதலாக ஓர் இடத்துக்குத் தலைவர் ஆகப்போகிறோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைய ஆசை.

அன்று சாமான்களை ஏற்றிய கன்டெய்னர் துறைமுக வாசலில் நின்றது. மாலை நான்கு மணிக்குள் உள்ளே போக வேண்டும். அதற்குச் சாமான் பட்டியல் வேண்டும்.

குற்றாலிங்கம் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு எழுதினார். குருவின் படம் பத்து. ஆசிரம நூல்கள் இருநூறு. திருநீறு நாற்பது மூட்டை. குத்துவிளக்கு அறுபது. பித்தளை மணி ஆறு. கடைசி வரியில், கற்பூரம் பன்னிரண்டு பெட்டி.

தாளைப் படம் பிடித்துக் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் அங்கே ஆவணங்கள் பார்க்கும் பெனிட்டா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, கற்பூரம் தீப்பிடிக்கிற சரக்கு. ஆபத்தான சரக்கும் சாதா சரக்கும் ஒரே தாள்ல வந்தா, ஆபத்தானதத்தான் முதல்ல எழுதணும்."

"எங்க குரு சாமி படத்துக்கு மேலயா?"

"எல்லாத்துக்கும் மேல."

"கற்பூரம் கடவுளுக்குக் காட்டுதது தாயீ. அதப் போயி ஆபத்துங்குதியே!"

"கோயில்ல ஒரு கட்டி காட்டுவாங்க அண்ணாச்சி. இது பன்னிரண்டு பெட்டி."

"முதல்ல எழுத மாட்டேன்னா?"

"அப்போ ஓரத்துல ஒரு கட்டம் போட்டு, கற்பூரத்துக்கு நேரா ஒரு பெருக்கல் குறி போடுங்க. இல்லன்னா அத மட்டும் வேற மையில எழுதுங்க. ஏதாவது ஒண்ணு செய்யுங்க. மணி பன்னிரண்டாச்சு."

குற்றாலிங்கம் கட்டம் போட்டார். கற்பூரத்துக்கு நேராகக் குறியும் போட்டார். பிறகு அரசு ஊழியரின் புத்தி வேலை செய்தது. புத்தகம் எரியாதா? விளக்கு ஏற்றுவதற்குத்தானே? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வரிக்கும் குறி போட்டு அனுப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, எல்லாத்துக்கும் போட்டிருக்கீங்க."

"பின்னால ஒரு பேச்சு வரக்கூடாதுல்லா."

"எல்லாத்துக்கும் போட்டா எது ஆபத்துன்னு எப்படித் தெரியும்? திருநீறு ஏற்கெனவே எரிஞ்சது. அது இனிமே எங்க எரியப் போவுது? சாமி படத்துக்கும் போட்டிருக்கீங்க. அவங்க அவ்வளவு ஆபத்தானவங்களா?"

இரண்டு தாள் திரும்பி வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் நடக்காதது. அவருக்கு அழுகையே வந்தது. அழத் தெரியாததால் சமையல்காரரைக் கூப்பிட்டு, காலையில் சாப்பிட்ட உப்புமாவுக்காக ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

பிறகு சிவப்பு மை வாங்கி வந்து மூன்றாவது தாள் எழுதினார். கடைசி வரியில் கற்பூரம் சிவப்பாக நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கற்பூரத்துக்குச் சிவப்பு, குருவுக்குக் கறுப்பா என்று மனசு கேட்கவில்லை. முதல் வரியையும் சிவப்பில் எழுதினார்.

பெனிட்டா இந்த முறை சிரித்துவிட்டாள். "சிவப்புல ரெண்டு இருக்கு அண்ணாச்சி. கற்பூரம் சரி. சாமியை எதுல சேக்க? வெடிக்கிற வகையா, தீப்பிடிக்கிற வகையா? மணி ரெண்டே முக்கால்."

குற்றாலிங்கம் தாளோடு குருவின் அறைக்குள் புயலாக நுழைந்தார். குரு விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கற்பூரத்த உங்களுக்கு மேல எழுதச் சொல்லுதாங்க. எதுக்கு எங்க இடம்னு ஒரு முறை வேண்டாமா?"

குரு தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்தார்.

"நடுக்கடல்ல கப்பல் தீப்பிடிச்சிருச்சுன்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நீங்கதான் தீயணைக்கப் போறவரு. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. இந்தத் தாள்தான் இருக்கு."

சொல்லிக்கொண்டே தாளின் கீழ்முனையில் தீ வைத்து அவர் கையில் கொடுத்தார்.

"சாமி! கைவசம் இது ஒண்ணுதான் இருக்கு!"

"படிங்க. சத்தமா."

குற்றாலிங்கம் பதறிக்கொண்டு படித்தார். "குருவின் படம் பத்து. ஆசிரம நூல்கள் இருநூறு. திருநீறு நாற்பது மூட்டை. குத்துவிளக்கு..."

விரல் சுட்டது. தாளைக் கீழே போட்டுவிட்டார். கடைசி இரண்டு வரிகள் முன்பே போயிருந்தன.

"தண்ணி ஊத்தலாமா, மண்ணு போடலாமா?" என்று குரு கேட்டார். "உள்ள என்ன இருக்கு?"

குற்றாலிங்கம் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான்காவது தாளில் முதல் வரியில் கற்பூரம் இருந்தது. குருவின் படம் மணிகளுக்குப் பிறகு, கடைசியில் இருந்தது. "இப்பத்தான் அண்ணாச்சி சரி" என்றாள் பெனிட்டா. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போனது.

சாமான்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன என்று சில வாரங்களில் செய்தி வந்தது. குற்றாலிங்கம் புது வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். வாசலில் கார் நின்றது. குரு ஒரு கடிதத்தைக் கொடுத்து, கிளையில் இருப்பவர்களிடம் கொடுக்கச் சொன்னார். அவரை அறிமுகப்படுத்தும் கடிதம். உறை ஒட்டாமல் இருந்தது. குற்றாலிங்கத்தால் பொறுக்க முடியுமா? அங்கேயே பிரித்துப் படித்தார்.

'இவருக்குச் சட்டென்று கோபம் வரும். அந்த நேரத்தில் எதிரே நிற்க வேண்டாம்' என்று முதல் வரி சொன்னது.

அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம் இருந்தது. நேர்மையானவர். சோம்பல் தெரியாதவர். பிறருக்காக இரவு பகல் பார்க்காமல் உழைப்பவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

குற்றாலிங்கத்தின் முகம் சிவந்தது. காரில் இருந்த டிரைவர் எட்டிப் பார்க்கும்படி கத்தினார்.

"என்ன சாமி இது? என்கிட்ட இருக்கிற நல்லதையெல்லாம் அடியில கொண்டு தள்ளிட்டீங்களே!"

"அது எங்க இருந்தா என்ன அண்ணாச்சி," என்றார் குரு. "அது தீப்பிடிக்காது."